ஆறுவது ஒன்று, சேர்வது இன்னொன்று: மோதல் கண்ட பிள்ளைகளுக்கு எதை முதலில் தொடங்குவது?

போரோ கலவரமோ ஓய்ந்த ஓர் இடத்தில், ‘நம் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும்’ என்று நாலு பேர் கூடி உட்காரும்போது பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. ஒருவர் கவுன்சிலிங் என்பார். இன்னொருவர், இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒரே முகாமுக்கு அழைத்துப் போகலாம் என்பார். விளையாட்டுப் போட்டி வைக்கலாம், நாடகம் போடலாம், கைத்தொழில் சொல்லிக் கொடுக்கலாம், நடந்ததை மனம்விட்டுப் பேச ஒரு மேடை அமைக்கலாம். எல்லாமே நல்ல யோசனைகள்தான். கையில் இருப்பதோ ஒரு வருடத்துக்கான பணம், ஏழெட்டுத் தன்னார்வலர்கள், நாற்பது ஐம்பது பிள்ளைகள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்தால் எதுவும் வேர் பிடிக்காது. எதை எடுப்பது, எதை விடுவது?

ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலை அந்தப் பிள்ளை எதற்குள் திரும்பிப் போகிறது? அதே வீடு, அதே தெரு, அதே வெறுமை என்றால், முந்தைய நாள் நாம் கொடுத்தது எதுவரை தாங்கும்?

வழிகளுக்குள் போகும் முன் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். ‘காயத்தை ஆற்றி அமைதியைக் கட்டுவோம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், இரண்டும் ஒரே வேலை என்பதுபோல. அப்படி இல்லை என்பதைச் சியரா லியோன் காட்டியது. அங்கே 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். போருக்குப் பின் ‘ஃபம்புல் டோக்’ என்ற அமைப்பு ஊர் ஊராகப் போனது. அங்கத்திய கிரியோ மொழியில் அதற்குக் ‘குடும்பப் பேச்சு’ என்று பொருள். இரவில் தீ மூட்டி ஊரே சுற்றி உட்காரும். பாதிக்கப்பட்டவர் எழுந்து தனக்கு நடந்ததைச் சொல்வார். செய்தவர் அதே ஊர்க்காரராக இருப்பார். அவரும் எழுந்து ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். 200 கிராமங்களை எடுத்து, இது நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. மன்னிக்கும் மனம் கூடியிருந்தது. ஊருக்குள் உறவும் பொதுக்காரியங்களுக்குக் கைகொடுப்பதும் வளர்ந்திருந்தன. அதே மக்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மனவடுவின் அறிகுறிகளும் சேர்ந்தே கூடியிருந்தன. இரண்டரை வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு விளைவுகளும் அப்படியே நின்றன.

இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊர் சேர்ந்தது, அதற்கான விலையை ஆட்கள் தனித்தனியாக, தத்தம் உறக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தீயைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். பதினாறு வயதுப் பிள்ளையிடம் அதே விலையைக் கேட்க நமக்கு உரிமை உண்டா?

எனவே மேடை போட்டு உண்மை பேசவைப்பதை, இளையோருக்கான முதல் வேலையாக நான் ஒருபோதும் எடுக்கமாட்டேன். உண்மை வெளிவர வேண்டும், நீதி கிடைக்க வேண்டும். அது பெரியவர்களும் அரசும் சுமக்க வேண்டிய கடமை. ஒரு பிள்ளை தானாக முன்வந்து பேச விரும்பினால், பேசிய மறுநாளும் அடுத்த மாதமும் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே அந்த மேடை.

பேசி ஆற்றுவது

உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், என்றதும் மருத்துவர், தனி அறை, மாத்திரை என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிறோம். அவ்வளவு தேவையில்லை என்பதற்கு வடக்கு உகாண்டா நல்ல சான்று. அங்கே போரால் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த 14 முதல் 17 வயதுவரையான 314 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேசினார்கள். இழப்பு, சண்டை, மாறிப்போன வாழ்க்கை, தனிமை ஆகிய நான்கில் இப்போது தன்னை அழுத்துவது எது, அதை எப்படிச் சமாளிப்பது என்பதே பேச்சு. நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். இன்னொரு பகுதியினருக்குப் பாட்டு, ஓவியம், விளையாட்டு. மூன்றாவது பகுதியினருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அப்போதைக்கு எதுவும் தரவில்லை; அவர்கள் காத்திருந்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. பேச்சுக் குழுவில் இருந்த பெண் பிள்ளைகளின் சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. ஆண் பிள்ளைகளிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. விளையாட்டுக் குழுவில் இருவருக்குமே இல்லை.

அந்த முயற்சியில் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. வேலையைத் தொடங்குமுன் அவர்கள் அங்குள்ள அச்சோலி மக்களிடம், பிள்ளைகளிடம் காணும் வருத்தத்தை நீங்கள் என்ன பெயரால் சொல்வீர்கள் என்று கேட்டார்கள். ‘குமு’, ‘பார்’ என்று மக்களின் சொந்தச் சொற்கள் வந்தன. அந்தச் சொற்களைக் கொண்டே அளந்தார்கள். நம்மிடமும் இருக்கிறதே: ‘பிள்ளை பேயறைஞ்ச மாதிரி இருக்கு’, ‘நெஞ்சு அடைக்குது’, ‘எதுலயும் மனசு ஒட்டல’. இந்தச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல், அச்சடித்த கேள்வித்தாளோடு போகும் எந்தக் குழுவும் பாதி காது கேளாமல்தான் போகிறது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சிகிச்சை வேண்டுமா? வேண்டாம். மோதல் நடந்த பகுதிகளில் வாழ்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகை மனநலச் சிக்கல் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. அதற்குள் கடுமையானவர்கள் சிறு பகுதியே. மீதி நாலு பேருக்கு வேண்டியது வழக்கமான நாள். பள்ளி மணி அடிக்க வேண்டும், வேளைக்குச் சோறு வேண்டும், கத்தாத பெரியவர் ஒருவர் வேண்டும், கூட ஓட ஒரு நண்பன் வேண்டும். எல்லாரையும் நோயாளியாக எண்ணி வட்டமாக உட்கார வைத்தால் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணையும் கிளறிவிடுவோம்.

இது வெறும் அச்சமில்லை. இலங்கையின் வடக்கில் 9 முதல் 12 வயதுள்ள 399 மாணவர்களிடம், பள்ளியிலேயே குழுவாக நடத்திய ஒரு திட்டத்தை ஆராய்ந்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். முரட்டு நடத்தை குறைந்தது. ஆண் பிள்ளைகளுக்குச் சில பலன்கள் கூடுதலாகவே இருந்தன. ஆனால் பெண் பிள்ளைகளில், திட்டத்தில் சேராமல் காத்திருந்தவர்களின் மனவடு அறிகுறிகள் குறைந்த அளவுக்கு, சேர்ந்தவர்களுக்குக் குறையவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. அன்றாட நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம். வீட்டில் அடுப்பு எரியாமல், அப்பா எங்கே என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைக்கு வாரம் மூன்று வகுப்பு எந்த மூலைக்கு?

உகாண்டாவில் பெண்களுக்கு உதவிய பேச்சு ஆண்களுக்கு உதவவில்லை. இலங்கையில் ஆண்களுக்கு ஓரளவு உதவியது பெண்களுக்குச் சரிவரவில்லை. இரண்டு இடங்களில் நடந்ததும் வெவ்வேறு வகை வேலை, வயதும் வேறு. அதனால் ஆண் இப்படி, பெண் அப்படி என்று சட்டம் போட முடியாது. ஒரே அச்சில் எல்லாரையும் வார்க்கக்கூடாது என்பதுவரை சொல்லலாம். என் அனுபவத்தில், பல பையன்கள் முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் வாயைத் திறக்கமாட்டார்கள். சைக்கிள் டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, நம் முகத்தைப் பார்க்காமலே, ‘அண்ணா, எனக்கு ராத்திரி...’ என்று தொடங்குவார்கள். அந்த வாக்கியத்தை முடிக்க விடுவதுதான் நம் வேலை. பாதியில் நின்றாலும் இழுக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்றே சொல்கிறது.

கதவு தெரியும் இடமாகப் பார்த்து உட்காரும் பிள்ளையைக் கவனித்திருப்பீர்கள். அவனை வட்டத்துக்கு நடுவில் இழுக்காமல், கதவோரம் இன்னொரு நாற்காலி போட்டு நாம் போய் உட்கார வேண்டும்.

பாட்டும் ஓவியமும் களிமண்ணும்

உகாண்டா முடிவைப் பார்த்துவிட்டு இவை பயனற்றவை என்று தள்ளிவிடக்கூடாது. ஆழ்ந்த சோர்வுக்கு இவை மருந்தாகாது, அவ்வளவுதான். மட்டக்களப்பில் 1996இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. வெவ்வேறு சமூகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் வந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். அங்கே கிடைத்தது பயமில்லாத ஓர் இடமும் நிதானமான காலமும். பிள்ளைகள் வந்து சேர்வதற்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. வாசலையே வீடு என்று நினைத்து, ஒரு வருடப் பணத்தையும் வண்ணப் பென்சிலுக்கும் மேடை அலங்காரத்துக்கும் கொட்டிவிடுவதுதான் தவறு.

எதிர்த்தரப்பைச் சந்திக்க வைப்பது

நன்கொடையாளர்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. இரண்டு தரப்புப் பிள்ளைகளும் தோளில் கைபோட்டு நிற்கும் படம் நன்றாக வரும். வேலை செய்கிறதா என்று கேட்டால், ஆமாம், ஆனால் கெட்டியான சில நிபந்தனைகளோடு.

இலங்கையில் சிங்கள, தமிழ் இளைஞர்களை நான்கு நாள் அமைதி முகாமில் சேர்த்து வைத்து, ஒரு வருடம் கழித்து விசாரித்தார்கள். போகாதவர்களைவிட, போய் வந்தவர்களிடம் மறுதரப்பின் மீது பரிவு அதிகம் இருந்தது. மறுதரப்பின் ஏழைப் பிள்ளைகளுக்கென்று கேட்டபோது பணமும் அதிகம் கொடுத்தார்கள். நான்கு நாளுக்கு இது சிறிய பலன் இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1993 முதல் நடக்கும் ‘சீட்ஸ் ஆஃப் பீஸ்’ முகாமில், இஸ்ரேலிய, பாலஸ்தீனப் பதின்வயதினரைப் பின்தொடர்ந்தவர்கள் கண்டது இன்னும் கூர்மையானது. மறுதரப்பில் ஒரே ஒரு நெருங்கிய நண்பரையாவது பெற்றவர்களிடம்தான் அந்த இளக்கம் ஊருக்குத் திரும்பிய பிறகும் கூடுதலாகத் தங்கியது. ஐம்பது பேரை ஒரே கூடத்தில் நிறுத்திக் கைகுலுக்க வைப்பதைவிட, இருவர் இருவராக ஒரே கூடாரத்தில், ஒரே சமையல் முறையில் போடுவது மேல்.

வெறுமனே பக்கத்தில் உட்கார வைப்பது எவ்வளவு பயனற்றது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், முசஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் பதினொரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கிப் போட்டியில் இறக்கினார். பகை மூண்டது. (அந்தச் சிறுவர்களுக்கு எதையும் சொல்லாமல் அப்படிச் செய்தது இன்று ஏற்கத்தக்கதல்ல.) பிறகு இரு அணிக்கும் ஒன்றாகப் படம் காட்டினார்கள், ஒன்றாகச் சாப்பாடு போட்டார்கள். சாப்பாட்டையே எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். முகாமுக்குத் தண்ணீர் நின்றபோதும், உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாதபோதும்தான் நிலைமை மாறியது. இரு அணியும் எதிரெதிரே நின்று வடமிழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, இந்தமுறை எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள்.

ஆக, சந்திப்பில் சமமான இடமும் இரு தரப்புக்கும் நிஜமாகவே தேவையான வேலையும் இருக்க வேண்டும். தூர்ந்துபோன குளம், கூரை இடிந்த நூலகம் போன்றவை நல்ல சந்திப்பு இடங்கள். ஐந்து நட்சத்திர விடுதியின் குளிரூட்டிய கூடம் அப்படி இல்லை.

எல்லை எங்கே என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஈராக்கில் ஐஎஸ் அமைப்பால் விரட்டப்பட்ட கிறிஸ்தவ இளைஞர்களுக்குக் கால்பந்து லீக் ஒன்று நடத்தினார்கள். சில அணிகளில் முழுக்கக் கிறிஸ்தவர்கள், சிலவற்றில் முஸ்லிம் ஆட்டக்காரர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2020இல் வெளிவந்த முடிவு இது: கலந்த அணியில் ஆடியவர்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்வது அதிகம். வேறு அணியின் முஸ்லிம் ஆட்டக்காரருக்கு நற்பண்பு விருதுக்கு வாக்களிக்கவும் தயங்கவில்லை. ஆனால் மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்கள் கூடும் நிகழ்ச்சிக்குப் போவதிலோ, மொசூல் நகர உணவகத்துக்குச் சாப்பிடப் போவதிலோ பெரிய மாற்றம் இல்லை. மைதானக் கோட்டுக்கு உள்ளே பிறந்த நம்பிக்கை அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. தாயையும் வீட்டையும் இழந்தவனிடம், எல்லாரையும் நம்பு என்று கேட்பதே அநியாயம். பத்து பேரை நம்புகிறான் என்றால் அந்தப் பத்துப் பேரோடு அடுத்த பருவமும் அவன் ஆட வழிசெய்ய வேண்டும்.

முகாமின் மறுநாளுக்கு வருகிறேன். பேருந்து இறக்கிவிட்டுப் போகிறது. முதல் வாரம் வாட்ஸ்அப் குழுவில் இரவெல்லாம் படங்கள். இரண்டாவது வாரம் பிறந்தநாள் வாழ்த்துகள். மூன்றாவது வாரம் எங்கோ ஒரு சம்பவம் நடக்கிறது, யாரோ ஒரு செய்தியைப் பகிர்கிறார்கள், குழு மௌனமாகிறது. வீட்டில் மாமா கேட்கிறார்: ‘அவங்களோட போய்க் கூத்தடிச்சிட்டு வந்தியாமே?’ அந்தப் பதினேழு வயதுப் பெண் தனியாக அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோரை முன்கூட்டியே கண்டு பேசாத, ஆறு வாரம் கழித்து இரண்டாவது சந்திப்புக்குத் தேதி குறிக்காத எந்த முகாமும் இந்தப் பெண்ணைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறது.

கையில் தொழிலும் கொஞ்சம் பணமும்

கொஞ்சம் மூத்தவர்களுக்கு, அதாவது பதினெட்டைத் தாண்டி வேலையில்லாமல் தெருவில் நிற்பவர்களுக்கு, இதைவிட வலுவான சான்றுள்ள வழியை நான் பார்க்கவில்லை. லைபீரியாவில் போர் 2003இல் முடிந்தது. தலைநகர் மன்ரோவியாவில் திருட்டு, போதைப்பொருள் விற்பனை என்று வாழ்ந்த 999 ஆண்களை நான்காகப் பிரித்தார்கள். அவர்களில் முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். சிலருக்கு எட்டு வாரக் குழுப் பயிற்சி, சிலருக்கு 200 டாலர் பணம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. பயிற்சி என்றால் விரிவுரை இல்லை. முடியை வெட்டிக்கொள், நல்ல சட்டை போடு, வங்கிக்குள் போய் விவரம் கேட்டு வா, கடைக்குள் போய்ப் பொருளைப் பார்த்து வா என்று அனுப்புவார்கள். விரட்டப்பட்டால் கோபத்தை எப்படி அடக்கினாய் என்று மறுநாள் பேசுவார்கள்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பணம் மட்டும் வாங்கியவர்களிடம் மாற்றம் நிலைக்கவில்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களின் மாற்றம் தேய்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் பெற்றவர்களிடம் நின்றது. பத்து வருடம் கழித்துப் போனபோதும், இவர்களிடையே திருட்டும் வன்முறையும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தே இருந்தன. பணம் என்ன செய்தது? இவர்களைப் பணக்காரர்களாக்கவில்லை. சில மாதம் சிறுவியாபாரம் செய்து, பழைய கூட்டத்துக்குப் போகாமல், புதிய ஆளாக நடந்து பழக அவகாசம் கொடுத்தது. மறுநாளை விலைக்கு வாங்கிக் கொடுத்தது என்றே சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. ஆயுதம் ஏந்தியிருந்த பிள்ளைகளை மட்டும் தனியே பிரித்துத் தையல் மெஷின் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருக்கும். ஆயுதக் குழுக்களில் இருந்த பிள்ளைகளுக்காக 2007இல் வகுக்கப்பட்ட பாரிஸ் கோட்பாடுகளே, அந்த ஊரின் மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கின்றன. ஊர் ஏற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளை தேறும்.

ஒரே பள்ளி

நீண்ட காலத்துக்கு இதுதான் சரி. ஆனால் ஒரு வருடப் பணத்தோடு எடுக்கும் முடிவு இல்லை. வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் முதல் பள்ளியை 1981இல் பெற்றோர்களே 28 மாணவர்களோடு தொடங்கினார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அங்கே பத்து மாணவர்களில் ஒருவர்கூட இப்படிப்பட்ட பள்ளியில் இல்லை. பொஸ்னியாவில் ஒரே கட்டடத்துக்குள் இரு இனப் பிள்ளைகளும் தனித்தனிப் பாடத்திட்டத்தோடு, சில இடங்களில் தனித்தனி வாசலோடு படிக்கிறார்கள். சிறிய குழு செய்யக்கூடியது, இரண்டு பள்ளிகளுக்கு ஒரு அறிவியல் ஆசிரியரையோ ஒரு மைதானத்தையோ பொதுவாக்குவது.

என் தேர்வு

ஒரு வருடமும் ஐம்பது பிள்ளைகளும் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். முதல் நான்கு மாதம் அவரவர் தரப்புக்குள்ளேயே. வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், தவறாமல். கை வேலையோ விளையாட்டோ வாசலாக இருக்கட்டும். நடத்துபவர்களில் இருவருக்கு உகாண்டாவில் நடந்ததைப் போன்ற குழுப் பேச்சில் முறையான பயிற்சி வேண்டும். அவர்களுக்கு மேலே மாதம் ஒருமுறை கலந்துபேச அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். இரவில் அலறி எழும் பிள்ளை, உயிரை வெறுத்துப் பேசும் பிள்ளை தென்பட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். வீட்டுப் படி ஏறிப் பெற்றோரைப் பார்ப்பதும் இந்த நாலு மாதத்தில்தான்.

அதற்குப் பிறகே மறுதரப்பு. அப்போதும் எல்லாரையும் இல்லை, விரும்பி வருபவர்களை மட்டும். இரு தரப்புக்கும் தேவையான ஒரு வேலையை அந்தப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அமைதி முயற்சிகளில் இளையோரும் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2015 டிசம்பரில் 2250ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை நம் கூட்டத்தின் பதிவேட்டிலும் எழுதி, இரண்டு நாற்காலியை அவர்களுக்கு ஒதுக்கலாம். பதினெட்டைத் தாண்டியவர்களுக்குத் தொழிலும் சிறு தொகையும், பயிற்சியோடு சேர்த்து.

பண ஒதுக்கீட்டில் முகாமுக்கும் மேடைக்கும் ஒதுக்கியதில் ஒரு பங்கை வெட்டுங்கள். அந்தத் தொகையைப் பதின்மூன்றாவது, பதினான்காவது, பதினைந்தாவது மாதங்களுக்கான பேருந்துக் கட்டணம் என்று தனியாக எடுத்து வையுங்கள். திட்டம் முடிந்தபின் அந்தப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்கப் போவது அந்தப் பணத்தில்தான்.